பழைய கணக்கிடு கருவிக்கு லைப்ரரி தெரிந்தெடுத்தல்

கையிலடங்கும் கணக்கிடு கருவிகள் பலவற்றுள்ளும், எண்களைக் கூட்டிக் கழிப்பதோடமையாது, சமன்பாடுகளைத் திரையில் வரைந்து காட்டியும், நாம் எழுதியிடும் நிரல்களை நினைவில் வைத்திருந்து வேண்டியபோது நடத்தியும் பணி செய்வன சிலவே. அவற்றுள் அமெரிக்க நாட்டு ஹியூலட் பாக்கார்டு கம்பெனியார் செய்து விற்ற 48 என்னும் வரிசை சிறந்ததென்பது அதனைப் பயின்றோர் பலருடைய துணிபு. 1990ஆம் ஆண்டில் 48 எஸ்.எக்ஸ். என்னும் கருவி வெளிவந்தது. 1993ஆம் ஆண்டில் 48 ஜி., 48 ஜி.எக்ஸ். என்னும் இரண்டும் அதனைத் தொடர்ந்தன. 2003ஆம் ஆண்டோடு இவ்வரிசையைச் செய்வது நின்றது. ஆயினும் கையாள்வது நின்றிலது. பொறியியலாரும் நிலமளப்போரும் கணித மாணவரும் பல்லாண்டு பழகிய இக்கருவியைப் பழையதென்று எறிந்துவிட மனமின்றி இன்றும் வைத்திருப்போர் உளர். இதற்கெனப் பிறர் எழுதிச் சேர்த்த துணைத்தொகுதிகள் எண்ணிறந்தன. அவற்றை லைப்ரரி என வழங்குவர். அவற்றுள் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் பயில்வானொருவன் இதிற் புகுவதென்னை என வினவுவார்க்கு ஒரு வார்த்தை கூறி மேற்செல்வேன். பிற கருவிகளில் ஐந்தை அழுத்திக் கூட்டற்குறியை அழுத்தி மூன்றை அழுத்துவோம். இக்கருவியிலோ முதலில் ஐந்து, அடுத்து மூன்று, இறுதியிலேயே கூட்டற்குறி. விடை உடனே வந்து நிற்கும். போலந்து நாட்டுத் தருக்க நூற்புலவராகிய யான் லூக்காசியேவிச் என்பார் 1920ஐ அடுத்த ஆண்டுகளில் குறியை எண்களுக்கு முன்னே வைத்தெழுதும் முறையொன்றை வகுத்தார். அதனைத் திருப்பிக் குறியைப் பின்னே வைத்தமையால் இதனைத் திருப்பிய போலந்து முறை என்பர். ஆங்கிலம் பேசுவார்க்கு இது தலைகீழாகத் தோன்றுமாம். 'ஐந்தையும் மூன்றையும் கூட்டு' என்று நாடோறும் பேசும் நமக்கு இதில் வியப்பென்ன? பெயரை முன்னும் வினையை முடிவிலும் நிறுத்துவது நம் மொழியின் இயற்கை நடையன்றோ!

நிற்க. இக்கருவியில் நாம் இடும் எண்கள் ஒன்றன்மேலொன்றாக நிற்குமிடத்தை அடுக்கு என்போம். எண்ணேயன்றிச் சமன்பாடு, எழுத்துத்தொடர், அணி, நிரல் ஆகிய எதுவும் அவ்வடுக்கில் ஒரு பொருளாக நிற்கும். லைப்ரரியும் அத்தகைய பொருள்களுள் ஒன்றே. ஒருவர் எழுதிய பல கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பெயரும் ஓர் எண்ணும் இட்டு, உள்ளே பிறர் கைவைக்க வொண்ணாதபடி கட்டிய மூட்டை என்று அதனைக் கொள்ளலாம். சாதாரண நிரலை எவரும் திறந்து திருத்தலாம்; கை தவறி அழித்தலும் கூடும். லைப்ரரிக்குள்ளிருக்கும் கட்டளைக்கு அவ்வச்சம் குறைவு. கருவியுடன் பிறந்த கட்டளைகளும் உள்ளே இவ்வாறே லைப்ரரிகளாகக் கட்டப்பட்டிருப்பதால், புதிதாக வந்தது பழையதோடு வேற்றுமை தோன்றாமற் கலந்து நிற்கும். இக்கலப்பே லைப்ரரியின் பெருஞ்சிறப்பு. அபாயமும் இதினின்றே பிறக்கின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தெரிந்தெடுக்கப் புகுவோன் முதற்கண் அறியவேண்டுவது தன் கையிலுள்ள கருவி யாதென்பது. 48 ஜி. என்பதில் பயனாளர்க்குரிய நினைவகம் 32 கிலோபைட்டு. ஜி.எக்ஸ். என்பதில் 128. முந்திய எஸ்.எக்ஸ். கருவியில் 32 கிலோபைட்டே உண்டாயினும், கார்டு செருகுதற்கு இரண்டு வாயில்கள் உண்டு, ஜி.எக்ஸ். கருவிக்கும் அவ்வாறே இரண்டுண்டு, ஜி. கருவிக்கு அவை இல்லை. இக்காலத்துச் சிறிய புகைப்படமொன்றே இவ்வளவு இடத்தையும் விழுங்கிவிடும். லைப்ரரியைச் சேமித்து வைக்குமிடத்திற்குப் போர்ட் என்று பெயர். 0 என எண்ணிட்ட போர்ட் தனியிடமென்று பலர் எண்ணுவர், அஃது அவ்வாறன்று. நம்முடைய நிரல்களும் எண்களும் குடியிருக்கும் அதே நினைவகத்தினின்றும் வெட்டியெடுத்த ஒரு பகுதியே அது. அங்கே லைப்ரரி எவ்வளவு பெருக்குமோ அவ்வளவு நமக்குரிய இடம் சுருங்கும்.

ஆகவே கோபுரம் கட்டப் புகுந்தவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டுமென்ற சுவிசேஷ உவமை ஈண்டு மிகப் பொருந்தும். கணக்கிடுதற்கு வேண்டிய அளவுகோலும் கருவியிலேயே உளது. லைப்ரரியை அடுக்கில் நிறுத்தி 'பைட்ஸ்' என்னும் கட்டளையிட்டால் அதன் அளவு தோன்றும். 'மெம்' என்னும் கட்டளையிட்டால் எஞ்சியுள்ள இடம் தோன்றும். ஆனால் முன்னது பின்னதிற் குறைந்திருந்தால் போதுமென்றெண்ணுவது பிழை. என்னையெனின், லைப்ரரி தங்குதற்கு இடம் வேண்டுவதோடு, வேலை செய்தற்கும் இடம் வேண்டும். குறிகளைக்கொண்டு இயற்கணிதஞ் செய்யும் தொகுதிகள், இடைப்படியிற் பிறக்கும் நீண்ட கோவைகளை வைத்தற்கு நினைவகத்தை நாடும். இடமில்லையாயின் 'நினைவகம் போதாது' என்று கூறி நின்றுவிடும். இன்னும் முற்றினால், கருவி வேறெதுவுஞ் செய்யமாட்டாமல், இதனை அழிக்கட்டுமா, அதனை அழிக்கட்டுமா என்று நம் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி வினவத் தொடங்கும். அந்நிலையை அடைந்தவன் தான் எழுதியவற்றுள் எதனைப் பலிகொடுப்பதென்று திகைத்து நிற்பான். லைப்ரரியின் அளவைப் போல இன்னொரு மடங்கேனும் வெற்றிடம் இல்லாதவழி அதனை ஏற்றலாகாதென்பது என் எண்ணம்.

அடுத்து, தேடிப் போகுமுன் வீட்டிலிருப்பதைப் பார்த்தல் வேண்டும். எஸ்.எக்ஸ். காலத்தில் பௌதிகம், பொறியியல் முதலியவற்றின் சமன்பாடுகள் அடங்கிய கார்டு தனியே விலைக்கு விற்கப்பட்டது. ஜி. வரிசையில் முந்நூற்றுக்கு மேற்பட்ட சமன்பாடுகள் கருவியின் உள்ளேயே பொறிக்கப்பட்டுள்ளன. படங்களும் மாறிகளின் விளக்கமும் உடன் உண்டு. கையேட்டைப் புரட்டாதவர்கள், உள்ளேயிருப்பதையே பிறர் எழுதித் தரப் பெற்று இடத்தை அடைத்துக்கொள்கின்றனர். கடிகாரமும் நாட்குறிப்பும் இன்னவே.

கருவியிடத்து உண்மையாகவே இல்லாதது யாது? ஜி.எக்ஸ். கருவி ஓர் எண்ணைப் பன்னிரண்டு இலக்கங்கள் வரையிற்றான் காட்டும். ஒன்று முதல் இருபது வரையுள்ள எண்களையெல்லாம் பெருக்கச் சொன்னால், 2.43290200818 என்றெழுதி, பத்தின் பதினெட்டாம் அடுக்காற் பெருக்குக என்னும். உண்மையான விடை 2432902008176640000; பின்னுள்ள இலக்கங்கள் மறைந்துபோயின. மற்றொன்று: எக்ஸின் நான்காம் அடுக்கோடு நான்கைக் கூட்டிய கோவையைக் காரணிகளாகப் பிரிக்கவேண்டின், எக்ஸின் வர்க்கத்தோடு இரண்டெக்ஸும் இரண்டும் கூட்டியது ஒன்று, எக்ஸின் வர்க்கத்தில் இரண்டெக்ஸைக் கழித்து இரண்டு கூட்டியது மற்றொன்று என்று பள்ளிக் கணக்கிற் கூறுவோம். கருவியோ அக்கோவையின் மூலங்களைத் தசமங்களாகத் தருமேயன்றி, இவ்வாறு முழுவெண்களாற் பிரித்துக் காட்டாது. இவ்விரு குறைகளையும் நீக்க எழுந்தவையே ஏ.எல்.ஜி. 48, எராபிள் என்னும் இரு புகழ்பெற்ற லைப்ரரிகள். முன்னதைச் செய்தோர் ஃபீக்டர், ஹைஸ்கனென் என்னும் இருவர். பின்னதைச் செய்தவர் பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரத்துக் கணிதப் பேராசிரியராகிய பெர்னார் பரிஸ். இவற்றை ஏற்றினால் எத்துணை இலக்கமாயினும் முழுவெண் குறைவின்றி நிற்கும். பல்லுறுப்புக் கோவைகள் காரணிகளாகப் பிரியும். ஒரு லைப்ரரி இவ்வாறு இல்லாத ஆற்றலைத் தருமாயின் அதற்கு இடங்கொடுப்பதில் நட்டமில்லை.

இவ்விரண்டையும் ஒத்தனவல்லாத வேறொரு வகையும் உண்டு. அடுக்கைக் காட்டும் முறையையே மாற்றி, சிறிய எழுத்தில் பல வரிகளைத் திரையில் அடக்குவன சில. விசைகளின் செயலைத் தம் வசப்படுத்துவன சில. ஜாவா என்னும் பெயருடைய லைப்ரரி ஒன்று அடுக்கை இங்ஙனம் அழகுபடுத்துவது. கணிப்பொறியாளர் கூறும் ஜாவா என்னும் மொழிக்கும் இதற்கும் உறவில்லை. மெட்டாகெர்னல் என்பதோ கருவியின் முகத்தையே மாற்றிவிடும் பெருந்தொகுதி. கட்டளையிட்டாலன்றி வாய்திறவாத லைப்ரரி ஒரு வகை. கருவி விழித்தது முதல் உறங்கும் வரை எவ்விசையை அழுத்தினும் தானே முன்வந்து நிற்கும் லைப்ரரி மற்றொரு வகை. முன்னதில் ஒரு பிழையிருப்பின் அக்கட்டளையைத் தவிர்த்துவிடலாம். பின்னதிற் பிழையிருப்பின் தவிர்க்க இடமேது? அன்றியும் அத்தகையன இரண்டினை ஒருங்கே வைத்தால், திரை யாருடையது என்னும் வழக்கு அவற்றினிடையே எழும். ஒன்றே போதும், ஒன்றுமில்லாமலிருப்பது இன்னும் நன்று என்பேன். விளையாட்டுக்கென எழுதியவற்றைப் பற்றி யான் ஒன்றும் கூறவில்லை; அவை வரும், போகும்.

இனி, மேலே குறித்த அபாயத்திற்கு வருவோம். பலரும் கவனியாத இதனையே தெரிந்தெடுத்தலின் தலைமையான ஆராய்ச்சியாக யான் கருதுகின்றேன். நாம் எழுதும் ஒரு நிரலில் ஒரு லைப்ரரியின் கட்டளையைப் பெயர் சொல்லி எழுதுகின்றோம் என்க. கருவி அப்பெயரை அப்பெயராகவே எழுதிக்கொள்வதில்லை. அது எந்த லைப்ரரியில் எத்தனையாவது கட்டளை என்னும் இரண்டு எண்களாக மாற்றி வைத்துக்கொள்கின்றது. லைப்ரரி உடனிருக்கும்வரை நமக்கு வேற்றுமை தோன்றாது; திரையில் பெயரே காணும். லைப்ரரியை நீக்கிய பின்னர் அந்நிரலைத் திறந்து பாருங்கள்: பெயர் இருந்தவிடத்தில் 'எக்ஸ்லிப்' என்னும் சொல்லும் அதன்பின் இரண்டு வெற்றெண்களும் நிற்கும். நிரல் ஓடாது. ஓராண்டு கழித்து அதனைக் காண்போன், தானே எழுதியதாயினும், அவ்விடத்தில் என்ன பொருள் கருதினான் என்பதை அறியமாட்டான். எனவே லைப்ரரி என்பது சில நாள் தங்கிச் செல்லும் விருந்தாளியன்று. நம் எழுத்திற் கலந்து விடும் உறவு. எதனை என்றும் வைத்திருக்க உடன்படுவோமோ அதன் கட்டளைகளையே நம் நிரலில் எழுதவேண்டும். மற்றவற்றைக் கையால் அழுத்தி ஆளலாம், நிரலுக்குள் விடலாகாது. எழுதியே தீரவேண்டின், எந்த லைப்ரரியின் எக்கட்டளை என்பதைக் காகிதத்திலும் குறித்துக்கொள்க.

இவ்வெண் முறையினின்று மற்றொரு விதியும் பெறப்படும். ஒரே எண்ணையுடைய இரண்டு லைப்ரரிகள் ஒரு கருவியில் ஒத்து வாழா. எழுதுவோர் தத்தம் விருப்பப்படி எண் இட்டமையால் இவ்விடர் அரிதன்று. விரும்பிய இரண்டும் ஒரே எண்ணுடையனவாயின் ஒன்றைக் கைவிட நேரும்.

கருவியின் இனம் மாறினால் லைப்ரரியும் மாறும் என்பதையும் மறத்தலாகாது. இக்கருவிகளின் உள்ளே பணிபுரியும் செயலிக்குச் சாட்டர்ன் என்று பெயர். அதன் இயந்திர மொழியில் எழுதுவோர், நினைவகத்தின் முகவரிகளை நேரே எண்ணாற் குறித்துவிடுவர். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், எஸ். வரிசையின் நினைவகம் 70000 என்னும் முகவரியில் தொடங்கும், ஜி. வரிசையிலோ 80000. பழைய முகவரியை நம்பி எழுதிய லைப்ரரியைப் புதிய கருவியில் ஏற்றினால், வீடு மாறிப்போனவனுக்குப் பழைய கதவிலக்கத்திற் கடிதம் எழுதிய கதையாகும். கடிதம் திரும்பி வந்தாற் குற்றமில்லை. இங்கே அந்த இலக்கத்தில் வேறொருவர் குடியிருப்பர், அவர் பொருள் அழியும். ஆதலின் லைப்ரரியோடு வரும் விளக்கத்தாளில் எக்கருவிக்கென்று எழுதியது என்பதைப் படியாமல் ஏற்றுவது கண்ணை மூடிக்கொண்டு ஆற்றில் இறங்குவதற்கொப்பாம்.

கார்டு உடையோர்க்கு ஒரு நுட்பம். சாட்டர்ன் செயலியின் முகவரி இருபது பிட்டு. ஒவ்வொரு முகவரியும் அரைப் பைட்டைச் சுட்டும். ஆகவே 512 கிலோபைட்டுக்கு மேல் ஒரே காலத்தில் அதன் கண்ணுக்குப் புலப்படாது. ஜி.எக்ஸ். கருவியில் மாறாப் பொருள்களைக் கொண்ட நிலைநினைவகமே 512 கிலோபைட்டு! எனவே ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டி, நாடக மேடையில் திரையை மாற்றுவதுபோல் மாற்றி மாற்றியே வேலை நடைபெறுகின்றது. முதல் வாயிலில் 128 கிலோபைட்டு வரையிலும், இரண்டாம் வாயிலில் 4 மெகாபைட்டு வரையிலும் கார்டு செருகலாம். இரண்டாவது, 128 கிலோபைட்டுப் பகுதிகளாக, 2 முதல் 33 வரை எண்ணிட்ட போர்ட்டுகளாகப் பிரிந்து நிற்கும். அவை திரைக்குப் பின்னுள்ளவை. இயந்திர மொழியில் எழுதிய சில லைப்ரரிகள் அவ்விடத்தை ஏற்கா. அவற்றை 0 அல்லது 1 என்னும் போர்ட்டிலேயே வைக்க வேண்டும். இடம் மிகுதியென்று இரண்டாம் வாயிலில் எல்லாவற்றையும் குவிப்போர் இதனை அறிதல் நலம்.

ஏற்றும் முறையைச் சுருக்கிச் சொல்வேன். வெளியிலிருந்து கம்பி வழியாகக் கெர்மிட் என்னும் முறையில் லைப்ரரி வந்து சேரும். அனுப்பும்போது எழுத்து முறையில் அன்றி இருமை முறையில் அனுப்புதல் வேண்டும். வந்ததை அடுக்கில் அழைத்துப் பார்த்தால் லைப்ரரி என்ற சொல்லும் எண்ணும் பெயரும் தோன்றவேண்டும், எச்.பி.எச்.பி.48 என்று தொடங்கும் பொருளற்ற எழுத்துத்தொடர் தோன்றினால் வரவு கெட்டதென்றறிந்து, மீண்டும் அனுப்புக. 'பைட்ஸ்' கட்டளை அளவோடு ஒரு சோதனையெண்ணையும் தரும். விளக்கத்தாளில் அவ்வெண் குறிக்கப்பட்டிருப்பின் ஒத்துப் பார்க்கலாம். பின்னர் அதனைப் போர்ட்டில் சேமித்து, வந்திறங்கிய மூலப் பிரதியை அழித்து, கருவியை அணைத்து ஏற்றுக. பிரதியை அழிக்க மறந்தவர்க்கு ஒரே பொருளுக்கு இரட்டை வாடகை! சில லைப்ரரிகள் தாமே இணைந்துகொள்ளும். மற்றவற்றை 'அட்டாச்' என்னும் கட்டளையால் இணைக்கவேண்டும். தலைமை அடைவில் எத்தனை லைப்ரரியும் இணையலாம். கிளை அடைவு ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குமேல் இணைய இயலாது.

ஏற்றுமுன் செய்யவேண்டுவது, உள்ளதனைத்தையும் 'ஆர்க்கைவ்' என்னும் கட்டளையால் வெளியே ஒரு பிரதி எடுத்து வைத்தல். இக்கருவியின் நினைவகம் மூன்று சிறு மின்கலங்களின் தயவால் உயிர் வாழ்வது. லைப்ரரி பிழைபட்டு விசைகள் மரத்துப்போயின், ஆன் விசையோடு முதல் வரிசையின் மூன்றாம் விசையைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் தெளியும். அடுக்கிலிருந்தவை மட்டும் போகும். அதற்கும் அசையாதவழி ஆன் விசையோடு அவ்வரிசையின் முதலும் ஆறாவதுமாகிய விசைகளை அழுத்துவதே கதி. அப்போது நினைவகம் முழுவதும் துடைக்கப்படும். கருவி அதற்குமுன் நினைவகத்தை மீட்க முயலட்டுமா என்று கேட்கும். மீட்சி சில வேளை கிட்டும், சில வேளை கிட்டாது. நிலமளக்கும் ஒருவர் ஒரு பருவம் முழுவதும் சேர்த்த அளவுகள் அதிலிருந்தனவென்று எண்ணிப் பார்த்தால், இலவசமாகக் கிடைத்த ஒரு லைப்ரரியின் விலை விளங்கும்.

இவ்வரிசைக்குப் பின் 1999ஆம் ஆண்டில் வந்த 49 ஜி. கருவியில், முன்னே லைப்ரரிகளாக அலைந்த எராபிள், ஏ.எல்.ஜி. 48 என்பவற்றின் செயல்கள் உள்ளேயே பொறிக்கப்பட்டன. தனி மனிதர் ஓய்வு நேரத்தில் எழுதியதைக் கம்பெனியாரே தம் கருவியின் நெஞ்சில் வைத்துக்கொண்டமை அவ்வெழுத்தின் தகுதிக்குச் சான்று. 2006ஆம் ஆண்டில் வெளிவந்து 2015ஆம் ஆண்டோடு நின்ற 50 ஜி. கருவியும் அவ்வழியினதே. ஆகவே அவற்றை உடையார் மேற்கூறிய இரண்டையும் தேடவேண்டுவதில்லை; 48க்கு எழுதியவை பலவும் அவற்றில் ஓடவும் மாட்டா. 32 கிலோபைட்டுக் கருவியை உடையாரோ குறியியற் கணிதப் பெருந்தொகுதிகளை விடுத்துத் தம் தொழிலுக்கு வேண்டிய சிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்வது ஏற்றது. 128 கிலோபைட்டு உடையார் இயற்கணிதத்திற்கு ஒன்றும், தம் துறைக்கு ஒன்றும் ஆக இரண்டளவில் நிற்பாராயின் நெடுநாள் இடரின்றி வாழ்வர்.

பொருந்தாதென்று கண்ட லைப்ரரியை நீக்குதற்கு, முதலில் 'டிட்டாச்' என்னும் கட்டளையால் இணைப்பை அறுத்து, பின்னர்ப் போர்ட் எண்ணையும் லைப்ரரி எண்ணையும் சேர்த்துக் குறித்து 'பர்ஜ்' என்னும் கட்டளையிடவேண்டும். பொருள் உபயோகத்திலுள்ளது என்று கருவி மறுக்குமாயின், அந்த லைப்ரரியையோ அதன் கட்டளையொன்றையோ சுட்டும் பொருள் அடுக்கில் எங்கேனும் தங்கியிருக்கக்கூடும். அடுக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் இடுக.